எட்டே பீரியடில் புள்ளியியல்: சூத்திரமா, தாயக்கட்டையா, கணினியா?

ஏழாம் வகுப்புக்குப் புள்ளியியல் மூன்றாம் பருவத்தில் வரும். ஆண்டுவிழா ஒத்திகை, விளையாட்டு விழா, பயிற்சி வகுப்பு, திடீர் விடுமுறை என்று கழித்துக்கொண்டே வந்தால் அந்தப் பாடத்துக்கு மிஞ்சுவது எட்டு பீரியட், ரொம்பச் சாமர்த்தியம் பண்ணினால் பத்து. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியை ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "சார், இதை எப்படி எடுக்கிறது? புக்ல இருக்கிற மாதிரியே போயிடலாமா, ஆக்டிவிட்டி ஏதாவது பண்ணலாமா, இல்ல லேப்புக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?" ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. பதினைந்து வருடத்தில் நான்கு வழியிலும் எடுத்துப் பார்த்திருக்கிறேன், நான்கிலும் சொதப்பியும் இருக்கிறேன். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் நிகழ்தகவு நம் மாநிலப் புத்தகத்தில் ஒன்பதாம் வகுப்பில்தான் தனிப் பாடமாக வருகிறது. ஏழு, எட்டிலேயே அதைக் கொஞ்சம் தொட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒன்பதாம் வகுப்பில் "கூறுவெளி" (நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பு) என்ற சொல்லோடு முதல்முறையாக அதைச் சந்திக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு சூத்திரம், அவ்வளவுதான்.

நான்கு வழிகள் எவை என்றால்: சூத்திரத்தைச் சொல்லிக் கணக்குப் போடவைப்பது, பிள்ளைகளே தகவல் திரட்டி வருவது, கையால் உருட்டி, சுண்டி, எண்ணிப் பார்ப்பது, கணினியில் செய்து காட்டுவது. எது சுவாரசியம், எது நவீனம் என்றெல்லாம் பார்த்தால் முடிவே வராது. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. விடை தெரிவதற்கு முன்னால் பிள்ளை தன் ஊகத்தைத் தாளில் எழுதுகிறதா, அந்த ஊகம் தப்பாகப் போக வாய்ப்பிருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அந்த வழிக்கு பீரியட் கொடுக்கலாம்.

சூத்திர வழியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள், எனக்கு அதன் மேல் கொஞ்சம் பரிவு உண்டு. கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு (அதிக முறை வரும் எண்) மூன்றையும் மூன்று பீரியடில் முடித்துவிடலாம். இடைநிலை அளவுக்கு எண்களை வரிசைப்படுத்தினால், உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் நடுவில் இருப்பது, இரட்டைப்படை என்றால் நடுவில் இருக்கும் இரண்டின் சராசரி, இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. மற்ற பாடங்களில் தடுமாறுகிற பிள்ளைகள்கூட இதில் முழு மதிப்பெண் வாங்குவார்கள், வாங்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். வீட்டில் கேட்டால் காட்டுவதற்கு நோட்டில் விடை இருக்கிறது.

ஆனால் ஒருமுறை அதே வகுப்பில் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். ஒரு தெருவில் ஐந்து கடைகளில் ஒரு பேனா விலை என்று சொல்லி 4, 5, 5, 6, 80 என்று எழுதினேன். "இந்தத் தெருவில் சாதாரணமாக ஒரு பேனா என்ன விலை இருக்கும்?" கிட்டத்தட்ட வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "இருபது ரூபாய் சார்". கூட்டினால் 100, ஐந்தால் வகுத்தால் 20, கணக்கு சரி. இருபது ரூபாய்க்கு அந்தத் தெருவில் ஒரு கடையிலும் பேனா இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வகுத்தால் வருவதுதான் விடை என்று மூன்று பீரியடாக நான்தானே பழக்கியிருந்தேன்.

சூத்திர வழியை விட்டுவிடவும் முடியாது, தேர்வு இருக்கிறது. அது எத்தனையாவது நாளில் வர வேண்டும் என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். அதுவும் சராசரிக்கு நேரடி வரையறையைவிட மட்டம் பண்ணுவது நன்றாக வேலை செய்கிறது: ஐந்து பேரிடம் வெவ்வேறு அளவில் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஒருவரும் கூட்டாமல் வகுக்காமல், அதிகம் இருப்பவர் குறைவாக இருப்பவருக்குக் கொடுத்துக் கொடுத்து எல்லார் கையிலும் சமமாக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். "எல்லாருக்கும் ஒரே அளவு இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும்" என்பதுதான் சராசரி என்று அப்புறம் சொன்னால் போதும்.

கிரிக்கெட் பிடித்த வகுப்பாக இருந்தால் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பிராட்மன் இருக்கிறார். டெஸ்ட் ஆட்டங்களில் 80 முறை மட்டை பிடித்து 6996 ரன். சராசரி என்ன என்று கேட்டால் பிள்ளைகள் 80ஆல் வகுத்து 87.45 என்பார்கள். உலகம் சொல்வதோ 99.94. சண்டை ஆரம்பிக்கும். பத்து முறை அவர் ஆட்டமிழக்கவில்லை, அதனால் வகுப்பது 70ஆல் என்று யாராவது ஒரு கிரிக்கெட் பைத்தியம் எழுந்து சொல்லும். "அது நியாயமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். 1948இல் கடைசி இன்னிங்ஸில் இன்னும் நாலே நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி நூறு, பூஜ்யத்தில் போனார் என்ற கதையை நான் கடைசியில்தான் சொல்வேன். எதால் வகுக்கிறோம் என்பதும் ஒரு தீர்மானம்தான் என்று இதைவிடச் சுலபமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது பிள்ளைகளே தகவல் திரட்டுவது. பயிற்சி வகுப்புகளில் மிக அதிகம் புகழப்படுவது இதுதான், வகுப்பறையில் மிக அதிகம் வீணாவதும் இதுதான் என்பேன். காரணம், கேள்வி. "உனக்குப் பிடித்த நிறம் எது?" நாற்பது பேரைக் கேட்டு, நேர்க்கோட்டுக் குறி போட்டு, நிகழ்வெண் பட்டியல் எழுதி, பட்டை வரைபடம் வரைந்து, கலர் அடித்து, சார்ட்டில் ஒட்டிவிடுவார்கள். நீலம் 14. சரி, அதற்கு என்ன இப்போ? யாருக்கும் எந்தச் சந்தேகமும் தீரவில்லை, யாருடைய ஊகமும் உடையவில்லை. மூன்று பீரியட் போயிற்று, கலர் பென்சில் தேய்ந்தது மிச்சம்.

அமெரிக்கப் புள்ளியியல் கழகம் பள்ளிகளுக்கு என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, 2020இல் புதுப்பித்தார்கள். அதில் நான்கு படிகள்: கேள்வியை வகுத்துக்கொள்வது, தகவல் திரட்டுவது, அலசுவது, பொருள் சொல்வது. நாம் இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதில் நிறுத்திவிடுகிறோம்.

எனக்கு ஒருமுறை உருப்படியாக அமைந்த கேள்வி தற்செயலாக வந்தது. காலையில் தாமதமாக வந்த ஒருவனை நிறுத்திக் கேட்டபோது "வீடு தூரம் சார்" என்றான். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பொய் சார், பக்கத்துத் தெருவில இருக்கிறவங்கதான் தினமும் லேட்" என்றாள். தூரத்துப் பிள்ளைகளா, பக்கத்துப் பிள்ளைகளா? எல்லோரையும் ஊகத்தை எழுதவைத்துவிட்டு இரண்டு வாரம் கணக்கெடுத்தோம். கணக்கெடுக்க ஆரம்பித்த முதல் நாளே தகராறு: தாமதம் என்றால் என்ன? மணி அடித்த பிறகா, பிரார்த்தனை முடிந்த பிறகா, வருகைப் பதிவேட்டை மூடிய பிறகா? தூரம் என்றால் கிலோமீட்டரா, வந்து சேர ஆகும் நிமிடமா? சைக்கிளில் வருபவனுக்கும் பஸ்ஸுக்கு நிற்பவளுக்கும் ஒரே கிலோமீட்டர் ஒரே தூரமா? இந்தத் தகராறுதான் பாடம். அதற்கு ஒரு பீரியட் முழுக்கக் கொடுத்தேன், இன்றைக்கும் வருத்தமில்லை. முடிவில் பின் பெஞ்சுக்காரி சொன்னதுதான் எங்கள் வகுப்பில் சரியாக வந்தது, பஸ் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டால் வேறு வழி இல்லை என்பதால் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வகுப்பு, இரண்டு வாரம், இதை வைத்து எல்லாப் பள்ளிக்கும் சொல்ல முடியுமா என்று அடுத்த கேள்வியையும் அவர்களே கேட்டார்கள்.

இந்த வழியில் நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். வேறொரு பள்ளியில் இருந்தபோது, "வாரத்துக்குக் கைச்செலவுக்கு எவ்வளவு கிடைக்கிறது" என்று திரட்டச் சொன்னேன். ஒரு பையன் 0 என்று எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், பக்கத்தில் இருந்தவன் அதை எட்டிப் பார்த்தான். அன்றோடு விட்டேன். கைச்செலவு, எடை, வீட்டில் என்ன வண்டி, அப்பா என்ன வேலை, இதெல்லாம் கணக்குக்கு அழகான தகவல்தான், நாற்பது பேர் நடுவில் கேட்கிற கேள்விகள் இல்லை.

நேரம் குறைவு, கணக்கெடுக்க இரண்டு வாரம் கிடையாது என்றால் ஒரு கண்ணாடி ஜாடியில் மொச்சையைக் கொட்டி மேசைமேல் வைத்துவிடுங்கள். எத்தனை இருக்கும்? யாரும் யாரையும் பார்க்காமல் எழுதித் தர வேண்டும். 1906இல் இங்கிலாந்தில் பிளிமத் ஊர்ச் சந்தையில் ஒரு காளையின் எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது, 787 சீட்டுகளை ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் வாங்கிப் பார்த்தார், இடைநிலை அளவு 1207 பவுண்டு, உண்மையான எடை 1198. உங்கள் வகுப்பில் இவ்வளவு நெருக்கமாக வரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ஒரு குறும்பன் கட்டாயம் "பத்து லட்சம்" என்று எழுதுவான், அவனை நான் ஆவலோடு எதிர்பார்ப்பேன். அவன் ஒருவனால் கூட்டுச் சராசரி எங்கேயோ பறந்துவிடும், இடைநிலை அளவு அசையாமல் உட்கார்ந்திருக்கும். பேனா விலைக் கணக்கில் பதியாதது இதில் பதிந்துவிடுகிறது, ஏனென்றால் அந்த எண்கள் அவர்கள் எழுதியவை.

இனி கையால் உருட்டுவது. நான் அதிகம் நிற்கப்போவது இங்கேதான்.

புத்தகங்களில் ஆறுமுகப் பகடை வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாயக்கட்டைதான் பழக்கம், பாட்டி வீட்டில் கட்டாயம் ஒரு ஜோடி இருக்கும். நீளமான பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டிக் கூட்டினால் 1, 2, 3, 4, 5, 6, இரண்டுமே வெறுமையாக விழுந்தால் 12. ஒன்று விழுந்தால் தாயம். தாயம் போடாமல் காயை இறக்க முடியாது, அதற்காக ஒரு மத்தியானம் முழுக்கக் காத்திருந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும்.

கரும்பலகையில் கேளுங்கள்: தாயம் விழ வாய்ப்பு எவ்வளவு? எழுதிவைத்த பிறகுதான் கட்டையைத் தொட வேண்டும். நான் பார்த்தவரை மூன்று விதமான பதில் வரும். "விழும், இல்லாட்டி விழாது, அதனால பாதிக்குப் பாதி." "மொத்தம் ஏழு எண், அதனால ஏழில் ஒன்று." மூன்றாவது, "கைராசியைப் பொறுத்தது சார்." மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் உருட்டச் சொல்லுங்கள்.

நாற்பது பேர் என்றால் இருபது ஜோடி. ஜோடிக்கு 48 தடவை உருட்டச் சொன்னால் கால் மணி நேரத்தில் 960 உருட்டல் கைக்கு வந்துவிடும். கட்டைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், பத்துப் பேர் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள், மற்றவர்களுக்கு 0, 1, 2, 3 என்று எழுதிய சீட்டுகள் இரண்டு டப்பாவில், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஒரு ஜோடிக்குத் தாயம் இரண்டோடு நின்றுவிடும், இன்னொரு ஜோடிக்குப் பத்து விழும், கைராசிக் கட்சிக்கு உற்சாகம் தாங்காது. எல்லார் கணக்கையும் பலகையில் கூட்டுங்கள். மொத்தம் பெரும்பாலும் 100க்கும் 140க்கும் நடுவில் வந்து நிற்கும். ஏழில் ஒன்று என்றால் 137 வர வேண்டும், பாதிக்குப் பாதி என்றால் 480. பாதிக்காரர்கள் அந்த இடத்திலேயே காலி. ஏழில்ஒன்றுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், தாயத்தில் அவர்களை வெல்வதும் கஷ்டம். அவர்களிடம் 3 விழுந்த கணக்கையும் 12 விழுந்த கணக்கையும் காட்டுங்கள். ஏழில் ஒன்று என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விழுந்திருக்க வேண்டுமே, மூன்று ஏன் பன்னிரண்டைப்போல நாலு மடங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது?

இந்த இடத்தில்தான் நாலுக்கு நாலு கட்டம் போட வேண்டும், அதற்கு முன்னால் போட்டால் வீண். இடப்பக்கம் முதல் கட்டை, மேலே இரண்டாம் கட்டை, மொத்தம் 16 அறை. தாயம் இரண்டு அறையில் இருக்கிறது: முதல் கட்டையில் ஒன்று விழுந்து இரண்டாவது வெறுமை, அல்லது அப்படியே மாற்றி. 3 என்ற எண் நாலு அறையில். பன்னிரண்டு ஒரே அறையில், ஆறும் அப்படித்தான். ஆக தாயத்துக்கு 16இல் 2, அதாவது எட்டில் ஒன்று, 960க்கு 120. எங்கள் பக்கத்து விதிப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு, அதற்கு 16இல் 6 என்று அவர்களே எண்ணிவிடுவார்கள். சூத்திரத்தை நான் சொல்லவே வேண்டியிருக்காது.

"ஒண்ணும் வெறுமையும், வெறுமையும் ஒண்ணும் ஒண்ணுதானே சார், எதுக்கு ரெண்டு தடவை எண்ணணும்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அதை மட்டம் தட்டிவிடாதீர்கள். இரண்டு முறை காசு சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு என்ன என்ற கேள்விக்கு, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் மூன்றில் இரண்டு என்று எழுதினார், சரியான விடை நாலில் மூன்று. லைப்னிட்ஸ் இரண்டு பகடையில் 11 விழுவதும் 12 விழுவதும் சம வாய்ப்பு என்று நினைத்தார். நுண்கணிதம் கண்டுபிடித்த மூளை அது. அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் ஒரு வாரத்துக்குக் கால் தரையில் பாவாது. ஒரு கட்டையில் சிவப்பு நூல் கட்டிவிட்டால் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

இதற்கு அடுத்த பீரியடில் புளியங்கொட்டை. ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய கொட்டை, தாயக்கட்டை இல்லாத வீடுகளில் இதை வைத்துத்தான் ஆடுவார்கள். வெள்ளை மேலே விழ வாய்ப்பு எவ்வளவு? கட்டம் போட்டுப் பார்க்க முடியாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் சமம் இல்லை, ஒவ்வொருவரும் உரசிய அளவும் வேறு. ஐம்பது தடவை, நூறு தடவை போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அப்போதும் "ஏறக்குறைய" என்றுதான் சொல்ல முடியும். வெளிநாட்டுப் புத்தகங்கள் இதற்கு டிராயிங் பின்னைச் சுண்டச் சொல்கின்றன, புளியங்கொட்டை காலில் குத்தாது. தாயக்கட்டையில் யோசித்தே விடை கண்டுபிடிக்கலாம், கொட்டையில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த நாளில் இரண்டையும் செய்த பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவின் இரண்டு வரையறைகளையும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உருட்டல் வழியின் குறைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. சத்தம் முதல் குறை, பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நிற்பார். இரண்டாவது, 48 தடவை ஒழுங்காக உருட்டாமல் பாதியில் விட்டுவிட்டு மிச்சத்தை மனதிலிருந்து எழுதிவிடுவார்கள். இந்த இரண்டாவதை நான் பாடமாகவே ஆக்கிக்கொண்டேன். பாதி வகுப்புக்கு நிஜமாகவே 100 தடவை காசு சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதிவரச் சொல்வேன், மீதிப் பாதிக்கு சுண்டாமலே சுண்டினமாதிரி எழுதிவரச் சொல்வேன், யார் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது. தாளைப் பார்த்து நான் சொல்லிவிடுவேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். தந்திரம் இதுதான்: நிஜமாகச் சுண்டினால் 100இல் எங்கேயாவது ஆறு தலையோ ஆறு பூவோ தொடர்ந்து விழுவது பத்துக்கு எட்டு முறை நடக்கும். பொய்யாக எழுதுகிற பிள்ளைக்கு நாலு தலை எழுதியதுமே மனசாட்சி உறுத்தும், "போதும், பூவைப் போடு" என்று. ஐந்து தலை விழுந்துவிட்டது, அடுத்தது பூதான் என்கிற நம்பிக்கையை உடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது குறை பெற்றோர். "பள்ளிக்கூடத்தில சூதாட்டமா சொல்லித் தர்றீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வள்ளுவர் சூதுக்கு ஒரு அதிகாரமே வைத்திருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் அவருக்கு நளன் கதையைச் சொன்னேன். சூதில் நாட்டை இழந்த நளன், வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். போகிற வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து இருதுபன்னன் அதில் எத்தனை காய் என்று சொல்லிவிடுகிறான், நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த வித்தையோடு சூதின் சூட்சுமமும் அவனிடமிருந்து நளனுக்குக் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் தான்றிக்காயைத்தான் சூதுக்காயாகவும் உருட்டினார்கள். மரத்தைப் பார்த்ததும் எப்படிச் சொல்லியிருப்பான் என்று வகுப்பில் கேட்டால், "ஒரு கிளையை எண்ணிட்டுப் பெருக்கியிருப்பான் சார்" என்று உடனே பதில் வரும். பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குக் கீழே போய் ஒரு கொத்தின் இலையை எண்ணிப் பார்க்க அதுவே சாக்கு. பெற்றோரிடம் இன்னொன்றும் சொன்னேன்: தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் தடை செய்தார்கள், ஆனால் உங்கள் போனில் ரம்மி விளம்பரம் வந்துகொண்டுதானே இருக்கிறது, பன்னிரண்டு விழ 16இல் ஒன்றுதான் வாய்ப்பு என்று எண்ணத் தெரிந்த பிள்ளை அதைப் பார்க்கிற பார்வை வேறு. அவர் முழுக்க ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை, ஆனால் அடுத்த நாள் பையன் கையில் தாயக்கட்டை வந்தது.

கடைசியாகக் கணினி. வசதி இருந்தால் இதுதான் சிறந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், புதிய ஆசிரியையும் மனதுக்குள் இதைத்தான் விரும்பினார் என்று தோன்றியது. இலவச மென்பொருளாக ஜியோஜீப்ரா இருக்கிறது, கோடாப் இருக்கிறது, ஒன்றுமில்லாவிட்டால் கூகுள் ஷீட்ஸ் போதும்: இரண்டு எண்களுக்குள் ஏதோ ஒன்றைக் குலுக்கி எடுத்துத் தரும் ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN) என்ற கட்டளையில் 0, 3 என்று கொடுத்து இரண்டு பத்தியில் இழுத்துவிட்டால் பத்தாயிரம் உருட்டல் ஒரு நொடியில். ஒரு சின்ன எச்சரிக்கை, எந்த அறையில் என்ன தட்டினாலும் எல்லா எண்ணும் புதிதாக மாறிவிடும், முதல்முறை எனக்கே வியர்த்துவிட்டது.

ஜான் கெரிச் என்ற கணித ஆசிரியர் இரண்டாம் உலகப்போரில் டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது பத்தாயிரம் தடவை காசு சுண்டினார், தலை 5067. அவருக்குப் போர் முடிகிறவரை நேரம் இருந்தது, நமக்கு எட்டு பீரியட்தான். கையால் ஆகாததைக் கணினி செய்கிறது என்பது உண்மை. 10 தடவையில் தாறுமாறாகக் குதிக்கும் தாயத்தின் விகிதம் ஆயிரம், பத்தாயிரம் என்று போகப்போக எட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் அடங்கி ஓடும் கோட்டைத் திரையில் காட்டுவதற்கு ஈடாகக் கரும்பலகையில் எதுவும் கிடையாது.

ஆனால் அதை முதல் நாளில் காட்டினால்? நான் காட்டியிருக்கிறேன். "அது அப்படி ப்ரோக்ராம் பண்ணி வச்சிருக்காங்க சார்" என்றான் ஒருவன். சரியாகத்தான் சொன்னான். நாலு பக்கமும் சமம் என்று நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. புளியங்கொட்டையைப் பற்றிக் கேட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது, நாம் போட்டுப் பார்த்து ஒரு எண்ணைக் கொடுத்தால்தான் உண்டு. ஐரோப்பாவில் ஒரு ஆய்வுக் குழு சில வருடங்களுக்கு முன் 3,50,757 தடவை கையால் காசு சுண்டிப் பார்த்தது, எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துச் சுண்டினார்களோ அதே பக்கம் ஏறக்குறைய 50.8 சதவீதம் விழுந்தது. எந்தக் கணினியும் தானாக இதைச் சொல்லியிருக்காது. அப்புறம் இன்னொரு நடைமுறைச் சங்கடம், லேபில் நாலு பேருக்கு ஒரு கணினி என்றால் ஒருவர் தட்டுவார், மூன்று பேர் சினிமா பார்ப்பார்கள்.

இணையத்தில் தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கைப் பாடங்களில் நல்ல விளக்கங்கள் கிடைக்கும், ஆனால் அங்கே கூட்டுச் சராசரி இடை, இடைநிலை அளவு இடையம், முகடு ஆகாரம். "ஆகாரம் காண்க" என்ற கணக்கைப் பார்த்து என் வகுப்பு ஐந்து நிமிடம் சிரித்தது.

ஆக அந்த ஆசிரியைக்கு நான் சொன்னது இது. முதல் பீரியட் மொச்சை ஜாடி, இரண்டாவது புளியங்கொட்டையை மட்டம் பண்ணுவதும் பிராட்மனும், மூன்று நான்கில் சூத்திரமும் புத்தகக் கணக்குகளும். ஐந்தில் தாயக்கட்டை, ஆறில் உரசிய கொட்டை, ஏழில் லேப் கிடைத்தால் கணினி, கிடைக்காவிட்டால் காசு சுண்டிய தாள்கள். எட்டாவது எப்படியும் ஏதாவது விழாவுக்குப் போய்விடும். தகவல் திரட்டும் வேலையை இதில் சேர்க்காதீர்கள், நல்ல கேள்வி ஒன்று தானாக மாட்டும் வரை காத்திருங்கள், அது ஜூலையிலேயே வந்தாலும் அப்போதே செய்துவிடலாம். ஒரே ஒரு பீரியட்தான் மிச்சம் என்றால் தாயக்கட்டை மட்டும். மேசைமேல் பழைய துண்டை விரித்து அதன்மேல் உருட்டச் சொல்லுங்கள், பக்கத்து வகுப்புக்காரர் வரமாட்டார்.